ஒன்றுக்குத்தான் பணம்

மவுனில் டயர் கடைக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ்.
வாடகைக்கு விட ஒன்பது லேண்ட் குரூசர்.
வண்டிக்கு வின்ச் போடுவதா, கம்ப்ரசரா,
இரண்டுக்கும் புலா போதாது என்று
ஒரு அட்டையும் பென்சிலும் கொடுத்து
என்னை அனுப்பினார் முதலாளி.

புலா என்றால் எங்கள் மொழியில் காசு.
மழையும் அதுதான்.
போன வாரம் பெய்திருந்தது.

வின்ச்சுக்காகக் கவோனே பேசினான்.
நாலாயிரத்து முந்நூறு கிலோ இழுக்கும் என்றான்,
தன் தாய்மாமனைப் பற்றிச் சொல்வதுபோல.
எழுதிக்கொண்டேன்.
கையேட்டின் கடைசிப் பக்கம் வேறு சொன்னது:
அந்தக் கணக்கு உருளையின் முதல் அடுக்குக்கு மட்டும்.
கயிற்றின் மேல் கயிறு ஏற ஏற
பலம் இறங்கும்.
வண்டி நெருங்க நெருங்க
இழுக்கிற கை தளரும்.

செனோலோ பேசவில்லை.
கம்ப்ரசரை ஓடவிட்டு மணி பார்த்தாள்.
பதினைந்திலிருந்து முப்பத்தைந்துக்கு ஒரு டயர்,
நாலு நிமிடம் பத்து நொடி.
அடுத்தது நாலு முப்பது.
மூன்றாவது ஐந்தைத் தாண்டியது.
நான்காவதில் பாதியில் சூடேறித் தானே அணைந்து
பதினெட்டு நிமிடம்
மூச்சு வாங்கவும் மூச்சில்லாமல் கிடந்தது.

இதெல்லாம் சிமெண்ட் தரையில்.

மக்காடிக்காடி உப்பு வெளியில்
மேலே காய்ந்த பாலாடை,
கீழே சாம்பல் சேறு.
முன்னால் போன கவோனேயின் வண்டி
யாரோ நாற்காலி போட்டதுபோல உட்கார்ந்தது.
பின்னாலேயே எங்களுடையதும்.

கொக்கியைக் கையில் எடுத்து இறங்கினான்.
இருபத்தெட்டு மீட்டர் கயிறு.
மரம் இல்லை. கல் இல்லை.
பத்தடிக்கு அப்பால் ஒரு புல் திட்டு;
புல்லில் வண்டியைக் கட்ட முடியாது.
அடிவானத்தில் ஒரே ஒரு பாவோபாப்,
அதுவும் வெயிலில் தரையை விட்டெழும்பி
ஆடிக்கொண்டிருந்தது.
மாட்டைத் தொலைத்துவிட்டுக்
கயிறோடு நிற்பவன் மாதிரி நின்றான் கவோனே.

செனோலோ குனிந்து வால்வைத் திறந்தாள்.
முப்பத்தைந்திலிருந்து ஒன்பதுக்கு.
டயர்கள் பாதத்தை அகட்டின.
எங்கள் வண்டி ரிவர்ஸில்,
வந்த தடத்தைத் தடவித் தடவி வெளியே வந்தது.
எழுதினேன்: கம்ப்ரசர், ஒன்று.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
காற்றைத் திறந்துவிடக் கம்ப்ரசர் எதற்கு?
தீக்குச்சி போதுமே.
அடித்தேன்.

அவன் வண்டி காற்றிறக்கியும் அசையவில்லை,
வயிறு ஒட்டிவிட்டது.
வின்ச் அதன் மூக்கில், நாங்கள் அதன் முதுகில்.
சுற்றிப் போனால் நாங்களும் உட்காருவோம்.
ஸ்டெப்னியைக் கழற்றிப் புல் திட்டில் புதைத்தோம்.
கயிற்றைக் கட்டி, அறுந்தால் ஆளை வெட்டாதிருக்க
மேலே ஈரப் போர்வையைப் போட்டு
பொத்தானை அழுத்தினான்.
விளக்குகள் மங்கின.
வண்டி வரவில்லை.
புதைத்த சக்கரம்தான் மண்ணைப் பிளந்து
எங்களைப் பார்க்க வந்தது.

இன்னும் ஆழமாக.
இன்னும்.
உள்ளங்கைத் தோல் மண்வெட்டிப் பிடியில் நின்றுவிட்டது.
நான்காம் முறை, வெயில் சாயும்போது,
சேறு வாயைத் திறந்து விட்டுக்கொடுத்தது.
கவோனே வின்ச்சைத் தட்டிக்கொடுத்தான்.
செனோலோ என் கையைப் பார்த்தாள்.

க்வெட்டா தார்ச்சாலை ஓரத்தில், இருட்டில்,
எட்டு டயருக்கும் காற்று.
கம்ப்ரசர் இரண்டு முறை அணைந்தது.
வின்ச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.
காத்திருந்து, ஆறிப்போன மக்வின்யா தின்றோம்.
எங்கோ நரி ஒன்று கத்தி, பதில் வராமல், விட்டுவிட்டது.

மறுநாள் முதலாளி அட்டையைப் படித்தார்.
இரண்டு கட்டத்திலும் சேற்று விரல்.
அடியில் ஒரு வரி:
மண்வெட்டி, வண்டிக்கு இரண்டு, நீளப் பிடி.

கணக்குப் போட்டார்.
ஒன்பது வண்டிக்கும் சேர்த்து
ஒரு வின்ச் விலைகூட வரவில்லை.
மீதிப் பணத்துக்கு என்ன வாங்கலாம் என்று
அவர் வாய் தவறிக் கேட்க,
நாலாயிரத்து முந்நூறு கிலோ,
என்று ஆரம்பித்தான் கவோனே.
செனோலோ கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேஜைமேல் வைத்தாள்.